டெலிஃபங்கனுக்கு மாற்றாக எந்த வால்வு?

2023 நவம்பர் 4, சனி, இரவு 11.20

டைனக்கோ பிஏஎஸ்-3 பிரீஆம்பில் (ஸ்பீக்கரை ஓட்டும் ஆம்ப்ளிஃபயருக்கு முன்னால் ஒலியைப் பெருக்கித் தரும் பெட்டி) இருக்கும் நான்கு 12ஏஎக்ஸ்7 வால்வுகளை, அந்தச் சூடேறி ஒளிரும் கண்ணாடிக் குழல்களை, மாற்ற வேண்டும். இன்றைக்குக் கிடைப்பதில் எது தேறும்? போட்டுக் கேட்டவர்கள் மட்டும் சொல்லுங்கள். பட்டியல் பார்த்து ஒப்பிக்கிற வேலையை நானே ஒரு வாரமாகச் செய்துகொண்டிருக்கிறேன்.

செட் பெரியப்பாவுடையது. அறுபதுகளின் கடைசியில் அமெரிக்காவுக்குப் படிக்கப் போனவர், கிட்டாக வாங்கி அவரே ஈயம் வைத்துச் சேர்த்தது. திரும்பி வரும்போது துணிமணியை விட்டுவிட்டு இதைத் தூக்கிக்கொண்டு வந்ததாகப் பெரியம்மா இன்றும் சொல்லிக்காட்டுவார். இப்போது கோயம்புத்தூரில் என் வீட்டுக் கூடத்தில், ஒரு ஸ்டெப் டவுன் டிரான்ஸ்பார்மரின் தயவில் ஓடுகிறது.

நோய் இரண்டு. இடது பக்கம் ஒரு கரகரப்பு. தாளித்த கடுகு வெடித்து அடங்கிய பிறகும் சட்டியில் ஒரு சலசலப்பு இருக்குமே, அது. செட்டைப் போட்டு இருபது நிமிஷம் கழித்துத்தான் ஆரம்பிக்கும். இரண்டாவது, இரண்டு பக்கமுமே சத்தம் சோர்ந்துவிட்டது. மிருதங்கத்தின் தொப்பி அடி தலையணையில் தட்டுவது போல் கேட்கிறது.

ஐம்பது வருஷத்துக்கு மேல் ஆன வால்வு. செத்திருக்கும். வேறென்ன?

நவம்பர் 5, காலை

மூடியைக் கழற்றினேன். நான்கும் டெலிஃபங்கன், பழைய ஜெர்மன் கம்பெனி. டைனக்கோ அந்தக் காலத்தில் பெரும்பாலும் இதைத்தான் போட்டு அனுப்பியது என்று படித்திருக்கிறேன். அப்படியானால் பிறந்ததிலிருந்து இதே நான்குதான்.

ஒன்றின் மேல் தூசி அப்பியிருந்தது. ஈரத்துணியால் துடைத்தேன். தூசியோடு கம்பெனிப் பெயரும் துணிக்கு வந்துவிட்டது. கண்ணாடி பளிச்சென்று மொட்டையாக நிற்கிறது. பழைய டெலிஃபங்கனின் எழுத்து கை வியர்வைக்கே அழியும் என்று அப்புறம்தான் படித்தேன். அடியில், ஒன்பது பின்களுக்கு நடுவே கண்ணாடியிலேயே அச்சான வைர வடிவம் இருக்கிறது. அது மட்டும்தான் இனி அதற்குப் பிறப்புச் சான்றிதழ்.

"பாத்திரம் வெளக்குற மாதிரி வெளக்குனா எது நிக்கும்" என்றாள் வீட்டுக்காரி.

நவம்பர் 8

படித்ததையெல்லாம் ஓரிடத்தில் போட்டு வைக்கிறேன். தப்பாக இருந்தால் பின்னால் திருத்திக்கொள்ளலாம்.

12ஏஎக்ஸ்7 என்பது அமெரிக்கப் பெயர், ஈசிசி83 ஐரோப்பியப் பெயர், வால்வு ஒன்றுதான். ஒரே கண்ணாடிக்குள் இரண்டு டிரையோடு, அதாவது தனித்தனியாகப் பெருக்கும் இரண்டு பகுதி. ஒவ்வொன்றுக்கும் பெருக்கும் திறன், அதாவது மியூ, 100. உள்ளே சூடேற்றும் இழையான ஹீட்டருக்கு 12.6 வோல்ட்டில் 150 மில்லியாம்ப், அல்லது நடு முனையைப் பிரித்து 6.3 வோல்ட்டில் 300 மில்லியாம்ப். இதே பின் அமைப்பில் 5751 என்று ஒன்று உண்டு, மியூ 70. 12ஏடி7க்கு 60. 12ஏயு7க்கு 17லிருந்து 20. நான்கும் அதே குழியில் கச்சிதமாக உட்காரும்.

இன்று புதிதாகச் செய்பவர்கள் கைவிட்டு எண்ணக்கூடிய அளவுதான். ஸ்லோவாக்கியாவில் ஜேஜே. ரஷ்யாவில் சரடோவ் ஊர்த் தொழிற்சாலை. சீனாவில் சில. பழைய பெயர்களைப் பார்த்து மயங்க வேண்டாம். டங்-சோல், கோல்ட் லயன், முல்லார்ட் என்று புதுப் பெட்டியில் வருவதெல்லாம் அந்தச் சரடோவ் சரக்குதான். பெயர்களை ஒரு அமெரிக்கக் கம்பெனி வாங்கி வைத்திருக்கிறது. முல்லார்ட் என்றால் இங்கிலாந்தின் பிளாக்பர்ன் என்று நம்பியிருந்த பெரியப்பா தலைமுறை இதைக் கேட்டால் சண்டைக்கு வரும். 2022இல் போர் தொடங்கியதும் சரடோவிலிருந்து வருவது கொஞ்ச நாள் நின்று, உலகம் முழுக்க வால்வு விலை தாறுமாறானது.

என் யோசனை: போனோ பகுதியில், அதாவது இசைத்தட்டு ஊசியிலிருந்து வரும் சிறு ஒலியை முதலில் பெருக்கும் இடத்தில், 12ஏயு7 போட்டால் என்ன? மியூ குறைவு, இரைச்சலும் குறையும், ஒரே குழி. காசும் மிச்சம். ஒரு பழைய டேப் ரெக்கார்டரிலிருந்து கழற்றிய ஜோடி வீட்டிலேயே இருக்கிறது.

நவம்பர் 12, தீபாவளி

இன்றைக்குச் சோதனை எதுவும் இல்லை. கரகரப்பு எது, தெருவில் சரவெடி எது என்று பிரிக்க முடியவில்லை.

நவம்பர் 18

சென்னையில் ஒரு கல்யாணம். சாப்பாட்டுப் பந்திக்கும் ரயிலுக்கும் நடுவில் மூன்று மணி நேரம் கிடைத்தது. ரிச்சி தெருவுக்குப் போய்விட்டேன்.

வால்வு என்று கேட்டால் பாதிக் கடைகளில் தண்ணீர்க் குழாய்க்கா என்று பார்க்கிறார்கள். ஒரு பெரியவர் மட்டும் கீழ் அலமாரியிலிருந்து பிஸ்கட் டின் ஒன்றை எடுத்தார். மூர் மார்க்கெட் 1985இல் எரிவதற்கு முன்னால் அங்கே கடை வைத்திருந்தவராம். டின்னில் பெரும்பாலும் பெல் வால்வுகள். இது நம் பெங்களூர் ஜாலஹள்ளி பெல், பாரத் எலக்ட்ரானிக்ஸ். நாட்டில் வால்வு ரேடியோ ஓடிய காலத்தில் பாதி வீட்டில் ஒளிர்ந்தது இதுதான். 6பிக்யூ5 என்கிற வேறு வகை கொத்தாக இருந்தது. 12ஏஎக்ஸ்7 நான்கு தேறியது, நான்கையும் வாங்கிக்கொண்டேன்.

வாங்கும்போது இரண்டைப் பார்த்தேன். ஒன்று, உச்சியில் வெள்ளிப் பூச்சு. அதற்கு கெட்டர் என்று பெயர். உள்ளே மிஞ்சிய காற்றை உறிஞ்சுவது அதன் வேலை. அது வெள்ளையாக, சுண்ணாம்பு பூசியது போல் மாறியிருந்தால் காற்று புகுந்துவிட்டது, வால்வு பிணம். இன்னொன்று, பின்கள் கறுத்திருக்கலாம், வளைந்திருக்கக் கூடாது. நிமிர்த்தும்போது அடிக் கண்ணாடி விரிசல் விட்டால் முடிந்தது.

வேறொரு கடையில் இங்கிலாந்து முல்லார்ட் என்று ஒன்றைக் காட்டி, பெல் விலையைப்போல் எட்டு மடங்கு சொன்னார்கள். பழைய முல்லார்டில் கண்ணாடியின் அடி ஓரத்தில் சாம்பல் நிறத்தில் இரண்டு வரிக் குறியீடு இருக்கும். மேல் வரி வால்வு வகை. கீழ் வரியில் தொழிற்சாலை எழுத்து, வருஷத்தின் கடைசி இலக்கம், மாதத்துக்கு ஓர் எழுத்து, வாரம். பிளாக்பர்ன் என்றால் பி. இதில் அப்படி எதுவும் இல்லை. மேலே முத்திரை மட்டும் நேற்று அடித்தது போல் ஜொலித்தது. என் டெலிஃபங்கன் ஈரத்துணிக்கே மொட்டையானதை நினைத்துக்கொண்டேன். "வேண்டாம் சார்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

நவம்பர் 21

8ஆம் தேதி எழுதிய 12ஏயு7 யோசனையை வாபஸ் வாங்குகிறேன்.

போட்டுப் பார்த்தேன். இரைச்சல் குறைந்தது உண்மை. கூடவே அடிச்சத்தமும் காணாமல் போனது. நாகஸ்வரம் கேட்கிறது, தவில் பக்கத்துத் தெருவுக்குப் போய்விட்டது.

உட்கார்ந்து கணக்குப் போட்டதும் அசடு வழிந்தேன். இசைத்தட்டில் அடிச்சத்தத்தைக் குறைத்துத்தான் வெட்டுவார்கள், இல்லாவிட்டால் ஊசிப் பள்ளம் பக்கத்துப் பள்ளத்தில் இடிக்கும். திருப்பிக் கேட்கும்போது போனோ பகுதி அதை உயர்த்திக் கொடுக்க வேண்டும். ஆர்ஐஏஏ என்கிற அந்த அளவின்படி 1000 ஹெர்ட்ஸைவிட 20 ஹெர்ட்ஸுக்கு ஏறக்குறைய 20 டெசிபல் கூடுதல். ஆக 1000 ஹெர்ட்ஸில் 40 டெசிபல் பெருக்கினால் அடியில் 60 வேண்டும். இந்த செட்டில் அந்த ஏற்ற இறக்கத்தை உண்டாக்குவது ஃபீட்பேக், அதாவது வெளியே வருவதில் கொஞ்சத்தைத் திருப்பி உள்ளே விடுவது. ஃபீட்பேக் என்பது இருக்கிற பெருக்கத்தில் வெட்டிக் கொடுப்பது, இல்லாததைக் கொண்டுவராது. 12ஏஎக்ஸ்7இல் ஒரு டிரையோடுக்கு ஐம்பது மடங்கு என்று வைத்தாலும் இரண்டுக்கும் சேர்த்து 2500, கிட்டத்தட்ட 68 டெசிபல். 12ஏயு7இல் பன்னிரண்டும் பன்னிரண்டும் 144, வெறும் 43. அறுபதுக்கு எங்கே போவது?

"ஒரே குழியில் உட்காரும்" என்பது ஒரு தகுதியே இல்லை. என் செருப்பு என் மச்சானுக்கும் சேரும்.

5751 போடலாமா என்று திருநெல்வேலியிலிருந்து ஒருவர் கேட்டிருந்தார். லைன் பகுதியில், அதாவது போனோவுக்கு அடுத்து வரும் பெருக்கத்தில், தாராளமாக. போனோவில் அடிச்சத்தம் கொஞ்சம் இளைக்கலாம். இன்னொன்று, அதன் ஹீட்டர் 150க்குப் பதில் 175 மில்லியாம்ப் இழுக்கும். ஹீட்டர்களை சீரியலில் கோத்த செட்டில் ஒன்றை மட்டும் மாற்றினால் பக்கத்து வால்வின் பங்கு தாறுமாறாகும்.

டிசம்பர் 2

ஜேஜே இரண்டு, சரடோவ் சரக்கான எலக்ட்ரோ ஹார்மோனிக்ஸ் இரண்டு சென்னை ஆள் ஒருவர் வழியாகச் சொல்லி வைத்தேன். வீட்டில் இதுவரை சொல்லவில்லை. பெல் நான்கையும் வைத்துக்கொண்டு எதற்கு இது என்று கேட்டால் என்னிடமும் பதில் இல்லை.

டிசம்பர் 6

பார்சல் வரவில்லை. வராது. மிக்ஜாம் புயலில் சென்னையே தண்ணீரில் நிற்கிறது. அனுப்புகிறவர் வீட்டுத் தரைத்தளத்தில் முழங்கால் அளவு. "வால்வு மேல் பரண்ல இருக்கு சார், கவலைப்படாதீங்க" என்று அவரே போன் செய்தார். எனக்குத்தான் வெட்கமாகப் போயிற்று.

டிசம்பர் 10, ஞாயிறு, மதியம்

வந்துவிட்டது. ஜேஜே இரண்டையும் போனோ குழிகளில் போட்டேன். இருபது நிமிஷம். இடது பக்கம் அதே கடுகு.

எலக்ட்ரோ ஹார்மோனிக்ஸ். கடுகு. பெல். கடுகு.

அதே நாள், இரவு

இங்கே ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். நான் மில்லில் எலக்ட்ரிக்கல் பிரிவு. மோட்டார் மக்கர் செய்தால் புது மோட்டார் கேட்டு வரும் பையன்களை, "முதல்ல பக்கத்து மோட்டாரோட மாத்திப் போட்டுப் பாருடா" என்று பதினெட்டு வருஷமாகத் திட்டுகிறவன். இந்த செட்டில் ஒவ்வொரு பக்கத்துக்கும் போனோவில் ஒரு வால்வு, லைனில் ஒரு வால்வு. இடது வலதை மாற்றிப் போட அரை நிமிஷம். கோளாறு வால்வோடு வலது பக்கம் போனால் வால்வு குற்றவாளி, இடத்திலேயே நின்றால் அது நிரபராதி. நவம்பர் 4ஆம் தேதி இரவு செய்திருக்க வேண்டியதை டிசம்பர் 10இல், எட்டு வால்வு வாங்கிய பிறகு செய்தேன்.

டெலிஃபங்கன்களைத் திரும்பப் போட்டு மாற்றினேன். கடுகு இடத்தை விட்டு நகரவில்லை.

இதற்கு உதவியது ஒரு பழைய காருகுறிச்சியார் நாகஸ்வரத் தட்டு. மோனோ. இரண்டு பக்கமும் ஒரே சத்தம் வந்தாக வேண்டும் என்பதால், வித்தியாசம் எதுவாக இருந்தாலும் அது செட்டுடையது, தட்டுடையது அல்ல. சோதனைக்கு ஸ்டீரியோ தட்டை வைத்து ஏமாறாதீர்கள்.

டிசம்பர் 11

குற்றவாளி ஒரு ரெசிஸ்டர். போனோ போர்டில் இடது பக்க வால்வின் பிளேட் என்கிற முனைக்கு மின்சாரம் கொடுக்கும் கார்பன் ரெசிஸ்டர், பட்டாணி நீளம், மூன்று கோடு போட்டது. ஹேர் டிரையரின் மூக்கில் காகிதக் கூம்பு செருகி ஒவ்வொன்றாகச் சூடு காட்டினேன். இதன் மேல் காற்று பட்டதும் ஸ்பீக்கரில் கடுகு வெடித்தது. கழற்றி அளந்தால் எழுதியிருக்கும் மதிப்பைவிட மூன்றில் ஒரு பங்கு கூடுதல். பழைய கார்பன் ரெசிஸ்டர் ஈரம் குடித்து இப்படித்தான் ஆகும். இருபது நிமிஷக் கணக்கும் இப்போது புரிகிறது, அது செட் சூடாகும் நேரம். மெட்டல் ஃபிலிம் ரெசிஸ்டர் சில ரூபாய். இரண்டு பக்கமும் மாற்றினேன்.

இதைப் படித்துவிட்டு யாராவது மூடியைக் கழற்றினால்: உள்ளே முந்நூறு வோல்ட் பக்கம் இருக்கிறது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கண்டென்சரில் நிற்கும். நான் வடித்துவிட்டதாக நினைத்து வடிக்காமல் கை வைத்து, முழங்கை வரைக்கும் ஒரு மின்னல் வாங்கினேன். அதற்கு அப்புறம் இடது கை பேன்ட் பாக்கெட்டை விட்டு வெளியே வருவதில்லை.

டிசம்பர் 13

கடுகு போயாயிற்று. தலையணை போகவில்லை. இப்போது கரகரப்பு இல்லாததால் சோர்வு இன்னும் தெளிவாகக் கேட்கிறது.

டிசம்பர் 17, மார்கழி 1

காலை நாலரைக்குக் கோயில் ஒலிபெருக்கி எழுப்பிவிட்டது. தூக்கம் வராமல் செட்டைப் போட்டேன். பிரமாதம்! தொப்பி அடி வயிற்றில் இறங்குகிறது. அதே வால்வு, அதே தட்டு. சாயங்காலம் ஏழு மணிக்கு மறுபடி போட்டால் தலையணை.

வால்வுக்கு ராசிபலன் கிடையாது. மல்டிமீட்டரை எடுத்தேன். காலையில் 243 வோல்ட், மாலையில் 204. தெருவே மோட்டாரும் ஹீட்டரும் போடும் நேரம். என் ஸ்டெப் டவுன் 230க்கு 110 கொடுப்பது, ஆக மாலையில் செட்டுக்குப் போவது 98 வோல்ட் சொச்சம். இது அமெரிக்க 117 வோல்ட்டுக்குச் செய்தது.

அடுத்து ஒரு வால்வின் 4, 5 பின்களுக்கு நடுவே ஹீட்டர் வோல்டேஜ். 12.6 இருக்க வேண்டும், பத்து சதவீதம் அப்படி இப்படி என்றால் பொறுத்துக்கொள்ளும். காலையில் 11.4. மாலையில் 9.5. அடுப்பே சரியாக எரியவில்லை! கேதோடு சூடானால்தான் எலக்ட்ரான் கிளம்பும். அரைச் சூட்டில் எந்த நாட்டு வால்வைப் போட்டாலும் இதே சோர்வுதான் வரும். எட்டும் ஒரே மாதிரி ஒலித்ததற்குக் காரணம் இதுதான்.

டிசம்பர் 19

கணக்கு உதைக்கிறது. காலை 243 வோல்ட்டில் செட்டுக்கு 116 போகிறது, அமெரிக்காவில் போன அளவுதான். அப்போதும் ஏன் 11.4? மீதி எங்கே போகிறது?

டவுன்ஹால் பக்கம் ஒரு பழைய ரேடியோ மெக்கானிக் இருக்கிறார், எழுபத்தைந்து தாண்டியவர். போட்டோவைக் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, விரலால் ஓரிடத்தைத் தொட்டார். "இந்தத் தகடு அடுக்கு இருக்குல்ல தம்பி, இது செலினியம். வயசானா இதே பாதியைத் தின்னுரும். எரிஞ்சா அழுகின முள்ளங்கி நாத்தம் வரும், வீட்டுல நிக்க முடியாது. அதுக்கு முந்தி எடுத்துரு."

ஹீட்டருக்கு டிசி கொடுக்கும் ரெக்டிபயர் அது. நான் அதை ஏதோ ஹீட் சிங்க் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பதினெட்டு வருஷ சர்வீஸ்.

பெல் நான்கையும் அவரிடம் காட்டினேன். ஒவ்வொன்றாக எடுத்துக் காதருகே வைத்து விரல் நகத்தால் தட்டினார். மூன்று சரி, ஒன்றைத் தனியே வைத்தார். வீட்டில் போட்டுப் பென்சில் ரப்பரால் தட்டினேன், அந்த ஒன்று மட்டும் ஸ்பீக்கரில் மணி அடித்தது. மைக்ரோபோனிக் வால்வு. போனோவுக்கு ஆகாது, அங்கே வரும் சிறு ஒலி அத்தனை மடங்கு பெருகும். லைன் பகுதியில் ஓரளவு பிழைத்துக்கொள்ளும்.

டிசம்பர் 24

செலினியத்தைக் கழற்றி சிலிக்கான் டையோடு போட்டேன். இதில் ஒரு பொறி இருக்கிறது: சிலிக்கான் அவ்வளவு தின்னாது, வோல்டேஜ் அளவு தாண்டி ஏறிவிடும். முதலில் வைத்தபோது 14ஐத் தொட்டது, உடனே அணைத்தேன். வரிசையில் ஒரு 5 வாட் ரெசிஸ்டர் வைத்து, மூன்று மதிப்பு மாற்றிப் பார்த்து, 12.4இல் நிறுத்தினேன். மாலை நேரத்துக்கு ஸ்டெப் டவுனுக்கு முன்னால் சின்ன ஸ்டெபிலைசர். பழைய டிவியோடு வந்தது, பரணில் கிடந்தது.

நான்கு டெலிஃபங்கனும் திரும்ப உள்ளே. காருகுறிச்சியாரைப் போட்டேன். ஏதோ எழுத உட்கார்ந்தேன், எழுதவில்லை, ஒரு பக்கம் முழுக்கக் கேட்டேன்.

டிசம்பர் 25

"கடைசியில் எந்த வால்வு நல்லது, அதைச் சொல்லவே இல்லையே" என்று இரண்டு பேர். நியாயம். அடுப்பு சரியான பிறகு எட்டையும் மறுபடி கேட்டேன்.

ஜேஜே கொஞ்சம் கனத்த குரல், கீழே நல்ல உடம்பு, உச்சியில் ஜால்ரா லேசாக மங்கல். எலக்ட்ரோ ஹார்மோனிக்ஸ் பளிச், வயலின் வில்லின் உராய்வு வரை தெரியும், தேய்ந்த தட்டில் அதுவே தொந்தரவு. பெல் நடுக்குரலில் சுகம். பாட்டு கேட்க எனக்கு டெலிஃபங்கனுக்கு அடுத்து அதுதான். இரைச்சலில் டெலிஃபங்கன் எல்லாரையும் ஜெயித்தது. இதையெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு சொல்ல முடிந்ததா? மகள் எனக்குத் தெரியாமல் மாற்றிப் போட்டாள். பத்துக்கு ஆறு. காசைச் சுண்டினாலும் ஐந்து வரும்.

ஆனால் அவள் காலையில் 12.4இலும் மாலையில் ஸ்டெபிலைசரைக் கழற்றியும் போட்டுக் காட்டியபோது பத்துக்குப் பத்து சொன்னேன்.

2024 ஜனவரி 7

ஜேஜே இரண்டும் திருநெல்வேலிக்காரருக்குப் போய்விட்டது, வாங்கிய விலைக்கே. எலக்ட்ரோ ஹார்மோனிக்ஸ் உபரியாகப் பெட்டியில். பெல் மூன்று பீரோவில், வீட்டுக்காரியின் பட்டுப்புடவைக்குக் கீழே. அதிராத இடம் வீட்டில் அது ஒன்றுதான். மணி அடிக்கும் நான்காவதை மகள் மேஜையில் பேனா ஸ்டாண்டுக்குள் நிறுத்தி வைத்திருக்கிறாள்.

மொட்டை டெலிஃபங்கன் இடது போனோ குழியில். எது எது என்று குழம்பாமல் இருக்க, அதன் தலையில் நகப்பூச்சால் ஒரு சிவப்புப் பொட்டு வைத்திருக்கிறேன். இன்று மாலை ஏழு மணிக்கு ஹீட்டர் 12.3.

நகப்பூச்சு சூட்டில் லேசாக வாசம் வருகிறது. ஒரு நிமிஷம் செலினியம்தான் எரிகிறதோ என்று பிளக்கைப் பிடுங்கிவிட்டேன், அது கழற்றிப் போட்டு ரெண்டு வாரம் ஆகிறது.